முப்பது பாகை

வவுனியா பஸ் ஸ்டான்டுக்குப் பின்னால்
பழஞ்சாமான் கடையில், உடைந்த ரேடியோக்களுக்கும்
பூட்டில்லாத திறப்புகளுக்கும் நடுவில்
மடிந்து கிடந்தது இந்தச் சவரக்கத்தி.
எண்ணூறு ரூபா.
பிடி மாட்டுக்கொம்பு என்றான் கடைக்காரன்.
பிளாஸ்டிக் என்றாள் சுகந்தமலர்,
பரந்தனுக்கு வந்து சேர்ந்ததும்.

கிணற்றடிப் பூவரசில் மோட்டார்சைக்கிள் கண்ணாடியைக் கட்டினேன்.
பழைய இடுப்புப் பட்டியை ஆணியில் மாட்டித்
தீட்டினேன், போகவும் வரவும்.
இரண்டாம் நாளே பட்டி அறுந்தது.
திரும்பும்போது முதுகில் புரட்டவேண்டும் கத்தியை,
வாயில் அல்ல.

முகமாலையில் பதினொரு வருஷம்
முழங்காலில் நிற்கிறவன் நான்.
ஒரு மீற்றர் அகலம்.
முதலில் புல்லை நறுக்கவேண்டும், பிறகு கருவி,
பிறகு ஊசி, மண்ணுக்கு முப்பது பாகை சரிவில்,
இரண்டு விரலுக்கு ஒரு குத்து.
ஒரு நாளைக்குப் பாய் விரிக்கிற அளவு நிலம்.
சுப்பவைசர் புதுப்பிள்ளைகளுக்கு என்னைத்தான் காட்டுவார்:
"பொறுமையெண்டால் இவரைப் பாருங்கோ."

கன்னத்துக்கும் முப்பது பாகைதானாம்.
தெரிந்த கணக்கு என்று வைத்தேன், இழுத்தேன்.
நாடியில் ஒன்று. காதடியில் ஒன்று.
மேலுதட்டில் ஒன்று, அது
தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் திறந்தது.
மண்ணில் ஒரு பிழை விடாத கை.

படிகாரம் எரிந்தது.
கத்தியைக் கிணற்றுக்குள் எறியப் பார்த்தேன்.
பிரவீணா கொப்பிக் கரையைக் கிழித்துக்
காயத்தில் ஒட்டியபடி கேட்டாள்:
"அப்பா, அங்கயும் இப்பிடித்தானோ?"

அந்தக் கேள்வியோடு வானில் போனேன்.

அங்கே இப்படி இல்லை.
ஆனால் அங்கே என் கை மெதுவாய்ப் போவது
அதற்கு விருப்பம் என்பதால் இல்லை.
பயத்துக்குத்தான் விசிலடித்து இடைவேளை விடுகிறார்கள்,
நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை.
பொறுமை என்று பேர்வைத்துச் சம்பளம் எடுக்கிறோம்.
பின்னேரம் வீட்டுக்கு வந்தால்
கேத்தில் கொதிக்கும்வரை எனக்கு நிற்க வராது.

கண்ணாடிக்கு முன்னால் விசில் இல்லை.
புதைத்துவிட்டுப் போனவன் இல்லை.
வெட்டினால் வெட்டு, ஒரு பிளாஸ்டர்.
பயமில்லாத இடத்தில் மெதுவாய் இருப்பது எப்படி?
நாற்பத்து நாலு வயதில்
எனக்கு அது தெரியவில்லை.

இப்போது துவாயைச் சுடுதண்ணியில் நனைத்து
முகத்தில் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறேன்.
அதுவே பெரிய பாடு.
பிறகு நுரை. தோலை இடக்கை இழுத்துப் பிடிக்கும்.
கத்தியின் பாரத்தைக் கத்தியே பார்த்துக்கொள்ளும்.
சரிவு சரியென்றால் ஒரு சத்தம் வரும்,
காய்ந்த வைக்கோலில் ஆரோ செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி.
வராவிட்டால் நிற்பாட்டு.

வியாழக்கிழமை இடக்கன்னம் மட்டும் முடிந்தது.
வான் கோன் அடித்தது.
அந்தரப்பட்டு மற்றப் பக்கத்தில் கைவைக்காமல்
பாதித் தாடியோடு ஏறினேன்.
ஜெயந்தினி சிரித்த சிரிப்பில்
அவளுடைய முகக்கவசத்துக்குள் புகார் பிடித்தது.
"மிச்சம் எப்ப அண்ணை?"

"ஆறுதலாய்," என்றேன்.
வாயை விட்டுப் போனபிறகுதான்
அந்தச் சொல் எனக்குக் கேட்டது.

நாடிப் பள்ளம் இன்னும் கிடக்கிறது.
ஞாயிறு பார்ப்பம்.