மூன்று முறை துவைத்த விரிப்பு

நைவாஷா ஏரி மேலேறி வந்த வருஷம்
வேலிக் கம்பங்கள் தண்ணீருக்குள் போய்விட்டன.
எது வரைக்கும் ஏரி, எது முதல் தோட்டம் என்று
நீர்யானைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

கத்தோனி அம்மாவின் விடுதியில்
ஆறு அறைகள், பன்னிரண்டு விரிப்புகள்,
துவைப்பவள் நான்.
புல் வெட்டும் இயந்திரம் கொட்டகையில் துருவேறுகிறது.
"சம்பளம் கேட்காத தோட்டக்காரர்கள்" என்பார்
புதிதாய் வருகிறவர்களிடம். அவர்கள் சிரிப்பார்கள்.
சம்பளம் கேட்கிற தோட்டக்காரன் கெமேய்
மார்ச்சிலேயே ஊருக்குப் போய்விட்டதைச் சொல்வதில்லை.
வாலை விசிறிச் சுவரெல்லாம்
சாணம் தெளித்துவிட்டுப் போவதையும்.
அந்தச் சுவரைக் கழுவுகிறவளும் நான்.

இரவில் அவை மேயும் சத்தம்
பழைய துணியை யாரோ
நீளநீளமாய்க் கிழித்துக்கொண்டிருப்பது போல.
கிழி. நிறுத்து. கிழி.
பிறகு ஒரு பெருமூச்சு.
கிபோக்கோ என்போம் நாங்கள்.
சவுக்குக்கும் அதே பெயர்,
அதன் தோலில் அறுத்ததால்.

காவலாளி சிரோங்கா சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று:
"தண்ணீருக்கும் அதற்கும் நடுவே நிற்காதே.
மற்றபடி எங்கே வேண்டுமானாலும் நில்."
மூன்று பக்கமும் தண்ணீர் நிற்கிற வருஷத்தில்
அது எந்த இடம் என்று அவனுக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை,
கராகிட்டாவுக்குக் கடைசி மட்டாட்டு ஒன்பது மணிக்கு.
எட்டு நாற்பதுக்குக்
கொடியில் மிச்சமிருந்த விரிப்பை எடுக்கப் போனேன்.
அதற்கு அந்தப் பக்கம் எதுவோ மூச்சு விட்டது.
காற்று இல்லை.
விரிப்பு மட்டும் என் பக்கமாக வயிறு தள்ளியது,
நிறைமாதக்காரி போல.
உரசிக்கொண்டே போனது
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு.
முடிய வெகுநேரம் ஆயிற்று.
அவ்வளவு நீளம்.

மாடியில் விருந்தினர் நான்கு பேர், கைப்பேசிகளோடு.
ஒருவர் அடங்கிய குரலில், மரியாதையாகத்தான் கேட்டார்:
"கொஞ்சம் இடது பக்கம் நகர முடியுமா?
மறைக்கிறீர்கள்."

நகர்ந்தேன்.

இத்தனை நாள் கழித்தும் அதுதான் விளங்கவில்லை.
நகர்ந்தேன்.

சாலையில் ஹாரன் இரண்டு தடவை கேட்டது.
மூன்றாவது இல்லை.
இஸ்திரி மேசைமேல் கால் மடக்கிப் படுத்தேன்.
மகனுக்குச் சேதி அனுப்பினேன்:
அடுப்பைத் தொடாதே, ரொட்டி டப்பாவில் இருக்கிறது.
சன்னலுக்கு வெளியே விடியும்வரை
கிழிந்துகொண்டே இருந்தது புல்.

காலையில் பார்த்தால் விரிப்பில் கறை.
ரத்தமில்லை, துருவுமில்லை.
அதன் தோல் கசிகிற நீர்;
முதலில் சிவப்பு, போகப்போகப் பழுப்பு
என்றான் சிரோங்கா, மோந்து பார்த்து.
எலுமிச்சை போட்டேன். சோடா போட்டேன்.
கல்லில் அடித்து வெயிலில் போட்டேன்.
மூன்று முறை. அசையவில்லை.

கத்தோனி அம்மா நோட்டில் எழுதினார்:
விரிப்பு ஒன்று, சேதம்.
பாதி விலை என் சம்பளத்தில் போயிற்று.
பாதிதான் எனது, ஆனாலும்
முழுதாகச் சுருட்டி எடுத்து வந்தேன்.

இப்போது என் கட்டிலில் கிடக்கிறது,
தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை
ஒரு பெரிய விலாவின் கோடு.
மகன் அதை வரைபடம் என்கிறான்.
ஏரி எது, கரை எது,
விரல் வைத்துக் காட்டு என்கிறான்.
எனக்குத் தெரியவில்லை.
சில ராத்திரி கோட்டுக்கு இந்தப் பக்கம் படுக்கிறேன்,
சில ராத்திரி அந்தப் பக்கம்.