பனி வாருகிறவரின் மூச்சுக் கணக்கு

டுலூத் நகரில் பனி வாரும் வண்டி ஓட்டுகிற
ஆர்விட் ஹால்வர்சனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும்.
கண்டுபிடித்தவள் மெர்னா.
இருட்டில் எண்ணுவாள்: ஒன்பது, பத்து, பதினொன்று.
பன்னிரண்டில் விலாவில் முழங்கையால் ஒரு இடி.
முப்பத்தோரு வருடக் கணக்கு.
ஒரே ஒரு டாக்டரிடம்தான் சொன்னாள்.

டாக்டர் ஒரு பெட்டி கொடுத்தார்.
முகமூடி, குழாய், சின்னப் பச்சை விளக்கு.
உள்ளே ஒரு சிம் இருப்பதை
நாற்பத்திரண்டாம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் சொல்லியிருந்தார்கள்.

நாளொன்றுக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு மூச்சு என்று
நம் சித்தர்கள் சொன்னது தோராயம்.
பெட்டிக்குத் தோராயம் தெரியாது.
விடிவதற்குள் அவர் மூச்சு
அரிசோனாவில் ஒரு கட்டிடத்துக்குப் போய்,
அங்கிருந்து காப்பீட்டுக்காரனுக்கு,
மெத்தை விற்பவனுக்கு,
ஏனென்று தெரியவில்லை, ஒரு டயர் கம்பெனிக்கும்.

பிப்ரவரியில் பதினேழு இரவு
பச்சை விளக்கு எரியவில்லை.
ஆஸ்பத்திரியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
மெர்னாவின் மூச்சை
அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் கடிதம் வந்தது:
சாதனத்தை முறையாகப் பயன்படுத்தவில்லை,
வாடகையை இனி நீங்களே கட்டவும்.

அன்றிரவு முகமூடியை நாய்க்கு மாட்டினார்.
கிழட்டு நாய். பெயர் மூஸ். எதற்கும் எழுந்திருக்காது.
வாரை இரண்டு துளை இறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.
ஐந்தாம் நாள் போனில்:
வாழ்த்துகள் ஆர்விட்! உங்கள் தூக்கத்துக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண்!
காப்பீடு திரும்பி வந்தது.
மெத்தைக்காரன் மட்டும் மனம் விட்டுப்போய்
தள்ளுபடியை நிறுத்திக்கொண்டான்.

ஜூலையில் இன்னொரு கடிதம்.
உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு உயிர் என்று ஆரம்பித்தது.
பூட்டாத ஏதோ கதவு வழியே யாரோ வந்து
நான்கு லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, மூச்சு
எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.
கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார்கள்.
மற்றதை எப்படி மாற்றுவதென்று எழுதவில்லை.

ஆர்விட் முதலில் சிரித்தார்.
எங்கோ ஒருவன் அவர் பெயரில்
ஒரு நாயின் குறட்டையை வைத்துக்கொண்டு
விலை பேசுகிறான்.

பிறகு சிரிப்பு நின்றது.
பெட்டி வந்த முதல் வருடம்,
முகமூடி போட்ட பிறகும் பழக்க தோஷத்தில்
மெர்னா இடிப்பாள்.
மூச்சுக் கோட்டில் அது ஒரு சின்ன முறிவாக
எங்காவது விழுந்திருக்கும்.

போன் செய்தார். ஐம்பது நிமிடம் பியானோ.
பழைய இரவுகள் கம்பெனியின் சொத்து,
வாடிக்கையாளருக்குத் தர வழியில்லை
என்றது ஒரு இளம் குரல், வருத்தத்தோடு.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

வேண்டும், என்றார் ஆர்விட்.
அந்தத் திருடனின் நம்பர் இருக்கிறதா?