வாளையாரில் ஒரு தாமதக் கடிதம்

பறவைக் காய்ச்சல் சோதனை. முட்டை லாரி நிற்கிறது.
ஏஜென்சி அறையில் உட்கார்ந்து
கொச்சிக் கம்பெனிக்கு விளக்கம் எழுதுகிறேன்.

மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', மாதத்துக்கு 'இன்'.
சரி.
காலைக்கு 'இன்', ராத்திரிக்கு மட்டும் 'அட்' என்பது
எந்த ஆபீசர் போட்ட உத்தரவு?

தமிழில் காலம் முன்னால் போகும்,
வேற்றுமை உருபு கிளீனர் மாதிரி பின்னால் தொங்கிக்கொண்டு வரும்.
இங்கிலீஷில் கிளீனர் முதலில் இறங்கி
வண்டிக்கு முன் நின்று விசிலடிக்க வேண்டும்.

போன மாதம், 'பை' போட வேண்டிய இடத்தில்
'அன்ட்டில்' போட்டுவிட்டேன்.
வெள்ளிக்குள் ஒரு லோடு என்று நினைத்து எழுதியதை
வெள்ளி வரை தினம் ஒரு லோடு என்று படித்தார்கள்.
வாடகையில் நாலாயிரம் பிடித்தம்.

டிரைவர் அம்மாசை ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்.
எப்போதிலிருந்து நிற்கிறீர்கள் என்கிறேன்.
"நேத்து ராத்திரி பத்து மணியிலிருந்து."
'சின்ஸ்'.
"பதினாறு மணி நேரமா."
'ஃபார்'.
"எதையாச்சும் போடுங்க சார்,
உள்ளே முட்டை வேகுது."

இன்னும் எதுவரை என்று
கம்பெனி கட்டாயம் கேட்கும்.
பேனாவை மூடாமல்
எதிரே நிற்கும் மலையைப் பார்க்கிறேன்.
பழைய தமிழில் அதற்கும்
வரை என்றுதான் பேர்.