நான்காம் வேற்றுமை

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பிரமாணப் பத்திரம்.
மே மாதம். பதினொன்றரைக்கே
விசைப்பலகை சுடுகிறது.

கன்னியம்மா அணைக்கட்டுப் பக்கம்.
தம்பி ஏகாம்பரம், வாரத்துக்கு மூன்று தரம்
மிஷினில் ரத்தம் கழுவிக்கொள்கிறவன்,
வெளியே பைக்கின்மேல் சாய்ந்திருந்தான்.
ஆஸ்பத்திரிக் குழு ஆங்கிலத்தில் கேட்கிறது.
அவளுக்கு எழுதத் தெரிந்தது
தன் பெயர் மட்டும், தமிழில்.

அடித்தேன்:
‘ஐ ஸ்டேட் தட் ஐ கிவ் மை பிரதர் மை கிட்னி.’

இருபது வருஷமாக இதே வேலை. ஆனாலும்
அங்கே விரல் நின்றுவிட்டது.
தம்பி, உடனே சிறுநீரகம்.
நடுவில் ஒரு ‘கு’ கிடையாது.
யாருக்கு, எது என்பதை
நிற்கிற வரிசைதான் சொல்ல வேண்டும்.
முன்னால் நிற்பவன் வாங்குகிறான்,
பின்னால் நிற்பது போகிறது.
அவசரத்தில் மாற்றி அடித்தால்
சிறுநீரகத்துக்குத் தம்பியைக் கொடுத்துவிடுவாள்.
குவைத்துக்குப் போன கடிதம் ஒன்றில் அப்படித்தான்
வீட்டுக்கு மருமகளைக் கொடுத்துவிட்டேன்.
அது தப்பென்று வக்கீலுக்கே தோன்றவில்லை.

நம்முடையது அப்படி இல்லை என்று
கொஞ்சம் கர்வம் எனக்கு.
தம்பிக்குச் சிறுநீரகம், சிறுநீரகம் தம்பிக்கு,
எப்படிக் கலைத்துப் போட்டாலும்
‘கு’ அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே வரும்.
கொடைக்கும் அதே உருபு, பகைக்கும் அதே உருபு
என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

பிறகு ‘நான் கொடுத்த’ என்று தொடங்கி
‘தம்பி’ என்று முடித்துப் பார்த்தேன்.
‘கு’ எங்கோ உதிர்ந்துபோய்
தம்பியே கொடுக்கப்பட்டவன் ஆகிவிட்டான்.
ஒரு வாக்கியம் இன்னொன்றின் வயிற்றுக்குள் போனால்
எந்த ஊரிலும் ஏதோ ஒன்று கழன்றுதான் விழுகிறது.

அடுத்த வரி எல்லோருக்கும் பொது, முன்பே அடித்து வைத்தது:
‘தட் மை பிரதர் ஹேஸ் கிவன் மீ நத்திங்.’
தமிழில் சொன்னேன்.
பேனாவை மூடிவிட்டாள்.

‘ஒண்ணுமே குடுக்கலன்னு எப்பிடி சார் எய்தறது?
குடுத்துகீறானே.’

புருஷன் வீட்டிலிருந்து
பெட்டியோடு அவள் திரும்பிய ராத்திரி
பின்பக்கத்து அறையைக் கொடுத்தான்.
உள்ளே அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை
விடிவதற்குள் ஒண்டியாக வெளியே இழுத்துப் போட்டான்.
பூட்டு கொடுத்தான். சாவி ஒன்றுதான்,
அதையும் கொடுத்தான்.
‘அதெல்லாம் கணக்குல வராதா?’

வராது, பணம் வாங்கினாயா என்றுதான் கேட்கிறார்கள் என்றேன்.
‘அப்ப பணம்னு போடு. ஒண்ணுமில்லன்னு போடாத.’

‘நத்திங்’ அழிந்தது.
‘நோ மனி’ வந்து உட்கார்ந்தது.
‘மீ’ இருந்த இடத்திலேயே இருந்தது.
கையெழுத்தில் ‘ன்னி’ மட்டும்
கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்றேன்.

ஆடி கடைசியில் மறுபடி வந்தாள்,
இன்சூரன்ஸ் மனு ஒன்றுக்காக.
இப்போது இறந்தகாலம்:
‘தி கிட்னி தட் ஐ கேவ் மை பிரதர்.’

கொடுத்த பொருள் எழுந்து
வாக்கியத்தின் வாசலுக்குப் போய்விட்டது.
தம்பி நகரவில்லை.
அவனுக்கு அந்தப் பக்கம்,
அது இருந்த இடத்தில், முற்றுப்புள்ளி.
அங்கே வேறு எதையும் வைக்கக் கூடாது.
‘இட்’ என்று ஒரு சிறு துணுக்கு வைத்தாலும் பிழை.
காலியாக இருந்தால்தான் அது சரி.

அவள் நாற்காலியில்
இடது விலாவை ஒரு கையால் அணைத்தபடி
மெதுவாகத்தான் உட்கார்ந்தாள்.
பிரிண்டர் காகிதத்தை இரண்டு முறை தின்றது.
மூன்றாவது சரியாக வந்தது.

‘எவ்ளோ?’
‘முப்பது.’

வெளியே பார்த்தேன், பைக் இல்லை.
தம்பி வரலையா?

‘வேலைக்குப் போயிகீறான் சார்.’