எட்டு

மசேருவில் இன்று கழிப்பறைக்குப் பூட்டு இல்லை.
உள்ளே புதுச் சோப்பு, உறைகூடப் பிரிக்காதது.
லினேயோ முகர்ந்து பார்த்து அங்கேயே வைத்தாள்.
சாயங்காலம் எண்ணி எடுத்துக்கொள்வார்கள்.

கடல் தாண்டி வந்த கம்பெனிக்காரர் கேட்கிறார்:
எத்தனை மணி நேரம் வேலை?
எட்டு.
நேற்றே சொல்லிக்கொடுத்த எட்டு.
சன்னலோரம் மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமுகிறார்.

'பொறுப்பு' என்று அச்சடித்த படிவத்தில்
எட்டைக் குறித்துக்கொண்டு
அவர் எழுந்து திரும்பியபோது
பார்த்துவிட்டாள்:
ஜீன்ஸின் பின்பாக்கெட், வலது ஓரம்,
கோணிப்போன ஒரு தையல்.

போன ஜூன். குளிர்.
பதினான்காவது மணியில்
விரல் மரத்து, கண் சொருகி,
இவள் கைதான் கோணியது.

பதிலின் மேலேயே
இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரே மனிதர்!

வெளியே வரிசையில் அடுத்தவள்
எட்டு, எட்டு என்று
முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.