பன்னிரண்டு புள்ளி ஆறு

விடிகாலை மூணரைக்கு
எப்சிபா அக்காவின் மாருதி எண்ணூறு
இந்த மாதம் மூன்றாவது தடவையாகச் செத்தது.
முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர்,
நடுவே வெள்ளைத் தகரம், கூரைமேல் நாலு காலி மீன்பெட்டி.
ஐஸ் வண்டிப் பையன்கள் இருவர் தள்ளிக்கொண்டு வந்து
தண்டையார்பேட்டையில் என் ஷட்டரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போனார்கள்.

"பேட்டரி புதுசு. நீ குட்த்ததுதான்.
ஆல்டர்நேட்டர் புதுப்பேட்டைல கட்டுனது.
பெல்ட்டும் மாத்தியாச்சு. இன்னும் மாத்த இன்னா கீது,
என்ன வுட்டா?"

தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.
கடைக்குள் ஒரு எல்இடி பட்டை மட்டும் எரிந்தது,
மூலையில், சாக்கு போர்த்திய எதிலிருந்தோ ஒயர் இழுத்து.

நாலரைக்குக் காசிமேட்டில் ஏலம்.
சாக்கை விலக்கி, அதிலிருந்தே ஜம்ப் கொடுத்திருக்கலாம்.
"தள்ளலாங்க்கா" என்றேன்.
செகண்ட் கியர், கிளட்ச், ஒரு குலுக்கல்.
பிடித்துக்கொண்டது. சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினாள்.

மீட்டரை எடுத்தேன்.
பேட்டரி முனைகளில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
ஓடுகிற வண்டியில் பதினாலு தாண்டவேண்டும்.
இந்த இடத்தில்தான் எல்லாரும் ஆல்டர்நேட்டரைத் திட்டுவது.
போன தடவை நான் இந்த இடம்வரைகூட வரவில்லை.

ஆல்டர்நேட்டர் போல்ட்டில் ஒரு முள்,
அதன் உடம்பிலேயே இன்னொன்று:
பதினாலு புள்ளி ஐந்து.
அது பாட்டுக்கு உழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
சம்பளம் வீடு வந்து சேரவில்லை.

பாசிட்டிவ் ஒயரில் தேடினேன். கால் வோல்ட்கூடத் தொலையவில்லை.
கறுப்பு முள்ளை பேட்டரி நெகட்டிவில் வைத்துவிட்டு
சிவப்பை எஞ்சினின் வெற்று இரும்பில் அழுத்தினேன்.
அங்கே ஒன்றுமே காட்டக்கூடாது.
இரண்டு புள்ளி ஒன்று.

எஞ்சினை அணைக்காமலே படுத்து எட்டிப் பார்த்தேன்.
கியர்பாக்ஸ் ஓரத்தில் எர்த் பட்டை.
ஒரு காலத்தில் செம்புப் பின்னல்.
எர்ணாவூர் உப்புக்காற்று, டிசம்பரில் பானட்வரை நின்ற தண்ணீர்.
விரல் பட்டதும் டீயில் ஊறின பொறை மாதிரி
பச்சையாக உதிர்ந்தது.
ஏழோ எட்டோ இழையில் தொங்கிக்கொண்டிருந்தது
மொத்த வண்டியின் திரும்பி வருகிற வழி.

ஜம்பர் கேபிளை எடுத்து
எஞ்சினில் ஒரு கிளிப், நெகட்டிவில் ஒரு கிளிப்.
சின்னதாக ஒரு பொறி.

மஞ்சளாய்ச் சோம்பிக் கிடந்த ஹெட்லைட் இரண்டும்
வெள்ளையாய் என் கடைக்குள் பாய்ந்தன.
போன வருஷக் காலண்டர் தெரிந்தது.
தூங்கிய பூனை எழுந்து போனது.
மூலைச் சாக்கு நழுவியிருந்தது தெரிந்தது.
கீழே பேட்டரி. அறுந்த கைப்பிடிக்குப் பதிலாக
நீல வலைநூலில் கெட்டியாகப் பின்னிய பிடி.
பின்னியது அவள்.

"செத்துப்போச்சுன்னு சொன்னியே."

சொன்னேன். அளக்காமல் சொன்னேன்.
ஸ்கிராப்புக்கு அறுநூறு கழித்துக்கொண்டு
புதியதை மாட்டினேன்.
சும்மா சார்ஜ் போட்டுப் பார்த்தேன், மறுநாள். நின்றது.
போன் பண்ணியிருக்கலாம்.

மீனின் கண்ணைப் பார்த்தே எத்தனை நாள் ஐஸ் என்று சொல்கிறவள்.
என்னை அதிகம் பார்க்கவில்லை.
மீட்டரை என் கையிலிருந்து வாங்கினாள்,
சேலையைச் செருகிக்கொண்டு குந்தினாள்,
இவ்வளவு நேரம் நான் செய்ததைப் பார்த்திருக்கிறாள்:
சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில்.

பன்னிரண்டு புள்ளி ஆறு.

"இது நல்ல நம்பரா?"

பெரிய லாரி ஒன்று கடந்தது. ஷட்டர் நடுங்கி ஓய்ந்தது.

"நல்ல நம்பர்தாங்க்கா."

அவளே ஒயரைப் பிடுங்கினாள்.
எல்இடி அணைந்தது.
நீலப் பிடியில் தூக்கி, பின் சீட்டில் வைத்து,
"பட்டைய மாட்டு, ஏலத்துக்கு நேரமாவுது" என்றாள்.

அவள் வண்டி வெளிச்சத்தில்தான்
பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடினேன்.