நூற்று நாற்பது மரமும்

தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரைக்கணும்
என்றான் உச்சிமாகாளி.
ஐந்து கிராம் பொட்டலம்.
கோயிலில் மடித்துத் தரும் திருநீறு
இதைவிடக் கூட இருக்கும்.
“மரத்துக்கு மட்டுந்தானா மைனி?”
பாட்டிலை முகர்ந்து சிரித்துவிட்டு
டிரம்மில் ஊற்றினான்.
ஆனி மாதம். சாரல்
மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது.
முதல் மருந்து சொல்வது இவ்வளவுதான்:
இப்போது பூக்காதே.

எலுமிச்சைக்கு ஒழுங்கு கிடையாது.
ஒரே கிளையில் பூவும் வைத்திருக்கும், பிஞ்சும், பழமும்,
பாதிப் பேச்சில் எழுந்துபோய்
வேறு வேலை தொடங்கும் ஆள் மாதிரி.
கார்த்திகையில் மூட்டை மூட்டையாய்க் கொட்டும்,
ஆட்டோ வாடகைக்குக் காணாது.
சித்திரையில் புளியங்குடி மார்க்கெட்டில்
பழம் ஒன்று பத்து ரூபாய் போகும்போது
அண்ணாந்து பார்த்தால் முள்தான் இருக்கும்.
ஐந்து வருடக் குத்தகை எனக்கு.
மூன்று இப்படியே போயிற்று.

தெளிப்பான் இரைச்சலில் நின்றபோது
போன வருடக் கொடை ஞாபகம் வந்தது.
முளைப்பாரி எடுக்க நேர்ந்திருந்தேன்; நாள் இடித்தது.
மருந்துக் கடையில் தாளில் சுற்றித் தந்த மாத்திரை,
காலை ஒன்று, இரவு ஒன்று.
தள்ளிப்போயிற்று. அம்மன் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு வந்தபோது
இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வலித்தது.
இதை உச்சிமாகாளியிடம் எப்படிச் சொல்ல?
“அளவு கூடிராமப் பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னேன்.

புரட்டாசியில் இரண்டாவது: தழைத்தது போதும், நில்.
ஐப்பசியில், மழை மூச்சுவாங்கிய இரண்டு நாளில்,
டேங்குக்கு நூறு கிராம் உப்பு:
இனி பூ.

பூத்தது.
வாசனை நெற்றிப்பொட்டில் அடித்தது.
மோட்டார் சத்தத்தையும் மீறித் தேனீக்கள்.
ஒரு மரத்தைக் காட்டி
இது முந்தி, இது பிந்தி என்று சொல்ல வழியில்லை.
வேலியோரம் நின்று மூக்கை உறிஞ்சிய
பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார்,
“இது உங்க தோப்பு வாசமா, எங்க தோப்பு வாசமா?”
அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சித்திரை. மாடத்தியோடு ஆறு பேர்
கையில் பழைய காலுறை மாட்டிக்கொண்டு பறித்தார்கள்.
எட்டே நாள்.
“வருசம் பூரா வார கூலி ஒரு வாரத்துல முடிஞ்சிட்டே”
என்றாள் மாடத்தி,
முழங்கையில் ஏறிய முள்ளைப் பிடுங்கியபடி.

மார்க்கெட் வாசலுக்கு வெளியிலேயே டெம்போ நின்றுவிட்டது.
முன்னால் ஒரு வண்டி, அதற்கும் முன்னால் ஒன்று,
தார்ப்பாய் விலகிய இடமெல்லாம் மஞ்சள்.
கமிஷன் கடை மைதீன் பிச்சை
துண்டால் விசிறிக்கொண்டே கேட்டார்,
“ஏம்மா, ஊரே ஒரே நாளையில முழிச்சிட்டியளோ?”
கிலோ முப்பத்தெட்டு.
அதிலும் காம்புக் கழிவு.

“எத்தனை தோப்புக்குல அடிச்ச?”
உச்சிமாகாளி விரல் மடக்கினான்.
இரண்டு கையும் தீர்ந்து
கட்டைவிரலில் மறுபடி தொடங்கினான்.
ஒரே மிஷின், ஒரே ஆள்,
எல்லோருக்கும் அதே வாரம்.

மறு ஆனி. கேட்டுக்கு வெளியே மொபெட்டை நிறுத்திவிட்டு
“தேதி சொல்லுங்க மைனி” என்றான்.
“வேற யாருக்கும் குடுக்காத தேதி ஒண்ணு சொல்லு.”
தலையைச் சொறிந்தான்.
“பதினாறு பேரும் இதையேதான் கேக்காவ.”